காலருக்குக் கீழே நாலு தையல்

பிப்ரவரி 9
திங்கட்கிழமை தொடங்கினேன். முடிக்கும்போது வியாழன்.

மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது நான்தான். உன் அத்தான், சலவைக்கடைக்காரன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார். மகள் பக்கத்தில்கூட இல்லை. உன் அக்கா போனபிறகு சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நூலகத்து மாடியில் நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்கிறவள் பகலில் தட்டச்சு வேலை பார்க்கிற பெண். என் கோணல் எழுத்தைப் பார்த்து அவள் மூக்கைச் சுளிப்பாள். கஞ்சி சரியாக ஏறாத சட்டையைப் பார்த்து நான் சுளிப்பேனே, அதே சுளிப்பு. அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

எழுதுவது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா. வரி முடிந்ததும் புள்ளி வைக்கிறேன் பார், அது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. அதற்காகவே நிறையப் புள்ளி வைக்கிறேன்.

இத்தனை வருடமும் உன்னைத் திட்ட வேண்டுமென்றால் மகளிடம் சொல்லித்தான் எழுதினேன். அவள் என்ன எழுதினாள் என்று போன மாதம்தான் கேட்டேன். "மாமாவுக்கு வணக்கம், இங்கே அனைவரும் நலம்" என்று எழுதினாளாம். என் திட்டையெல்லாம் துவைத்து, நீலம் போட்டு, மடித்து அனுப்பியிருக்கிறாள். இனி அது நடக்காது. இனி அழுக்கு அழுக்காகவே வரும்.

நம் பிள்ளை சவுக்காரத்தின் நினைவு நாளுக்கு உன் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ மேடையில் மொடமொடவென்று வெள்ளைச் சட்டையில் நின்று, உன் அக்கா மகன் நெஞ்சில் குண்டு வாங்கிக்கொண்டு, கொடியைக் கையில் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே கடலில் இறங்கினான் என்று பேசினாய். எனக்கு வயிற்றைப் புரட்டியது. தவழ்கிற வயதில் அவன் துவைக்கிற சவுக்காரக் கட்டியைக் கடித்துவிட்டு வாயெல்லாம் நுரையோடு அழுதபோது, சவுக்காரம் என்று பெயர் வைத்ததே நீதான். இப்போது வீரத்திருமகன் என்கிறாய். அவன் கப்பலின் அடியில், என்ஜின் அறையில், எண்ணெய் துடைக்கிற வேலை செய்தான். கொடி மேலே இருக்கும், அவன் கீழே இருப்பான். அங்கிருந்து எட்டிப் பிடிக்க அவனுக்கு என்ன கையா இருந்தது, கொடிக்கம்பமா? போர் நடந்தது, கப்பல் விடியற்காலையில் முழுகியது, யாரும் திரும்பவில்லை. அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். மற்றதெல்லாம் உன் வாய்.

கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். ஐந்து நிமிடம் முன்னால் அழுதவர்கள் இலேசாகத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் மேடையோரம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கிட்டே போனேன். உள்ளே, உன் அக்கா செத்த வீட்டில், ஒரு வருடத்துக்குக் கொடுங்கள் அத்தான் என்று நீ கேட்டு வாங்கிப்போன சட்டை. அதன் நெஞ்சில் கையகலத்துக்குச் சிவப்பு. சீ. கரையிலே விட்டுப்போன பையில் மடிப்புக் கலையாமல் வந்த சட்டை அது. அதில் ரத்தம் எப்படி வரும்? நான் கறை எடுக்கிற தொழில் செய்கிறவன். நீ கறை வைக்கிற தொழிலை எப்போது ஆரம்பித்தாய்?

குனிந்து பார்த்தேன். சட்டையின் அடி விளிம்பு மடங்கி, உள்பக்கம் தெரிந்தது. அங்கே மையால் ஒரு பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மறுபடி படித்தேன். என் வாழ்நாளில் யாரும் பக்கத்தில் இல்லாமல் நானாகப் படித்த முதல் பெயர் அது. முடித்ததும் சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் அது என் மகன் பெயர் இல்லை என்று உறைத்தது.

அது யார்? அந்தச் சட்டையை ஏன் அங்கே மாட்டி வைத்திருக்கிறாய்? அதைப் பெட்டியிலிருந்து எடு. எடுத்துவிட்டுப் பதில் போடு.

அத்தான்


பிப்ரவரி 20

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நீங்களே எழுதியதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் மகிழ்ச்சி. இந்த வயதில் புதிதாகப் படிக்கிறவர்கள் ஒரு பெயரை இன்னொரு பெயராகக் கூட்டிப் படிப்பது இயல்பு. அதை வைத்துப் பெரிய விஷயம் எதுவும் கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது கடற்படைக் குடியிருப்பில் துணி பிரிக்கிற யாரோ ஒரு பணியாளின் பெயராகவும் இருக்கலாம்.

சிவப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாங்கள் நடத்தும் நினைவு மன்றத்து ஓவியர் பார்வையாளர்களுக்காகச் சற்று அழுத்தம் கொடுத்தார். மற்ற ஊர்களிலும் இப்படிச் செய்கிறார்கள்.

என் பேச்சு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. அவன் போன நாளிலிருந்து என்னைக் கொலைகாரனாகத்தானே பார்க்கிறீர்கள். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன், அவனுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவன், ஆகவே கடலில் தள்ளியவனும் நான்தான் என்பது உங்கள் கணக்கு. அவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொன்னதை இதுவரை நான் உங்களிடம் சொன்னதில்லை. "மாமா, சோப்புத் தண்ணியப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. உப்புத் தண்ணியப் பார்க்கணும். நீங்க எழுதித் தரலன்னா வேற யாராவது எழுதித் தருவாங்க." இப்போது சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி மன்றத்துக்குப் புதிய மண்டபம் திறக்கிறோம். தலைவர் அதற்காக மிகவும் பாடுபடுகிறார். அந்தச் சட்டைதான் மண்டபத்தின் நடுவில் இருக்கப்போகிறது. தயவுசெய்து அங்கே வந்து ரகளை எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் மகனுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

மகளை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள்
மைத்துனன்


மார்ச் 3

மாப்பிள்ளை,

மகள் எழுதியிருந்தால் முட்டாள் என்ற சொல் இந்தக் கடிதத்தில் வராது. முட்டாள். பார், வந்திருக்கிறது. இப்போது நம்புகிறாயா, எழுதுவது நான்தான் என்று?

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு பகல் பிடித்தது. கடையை மூடிவிட்டு மேசைமேல் விரித்து வைத்து, மடிப்பு மடிப்பாகப் படித்தேன். சோப்புத் தண்ணி, உப்புத் தண்ணி என்ற இடம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அவன் குரல் அப்படியே இருந்தது. அதை எனக்குத் தந்ததற்காக உன்னை ஒரு வரி திட்டாமல் விடுகிறேன். இதோ விட்டுவிட்டேன். இனி மறுபடி ஆரம்பிக்கிறேன்.

நான் தப்பாகப் படித்தேன் என்கிறாய். சரி. படிப்பை விடு. கையைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாத காலத்தில் கடைத் துணிக்கெல்லாம் நூலில்தான் அடையாளம் போடுவேன். மருத்துவர் வீட்டுக்குக் குறுக்குத் தையல், பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு இரண்டு பச்சைப் புள்ளி, இப்படி. நம் வீட்டுத் துணிக்குக் காலருக்குக் கீழே, முதுகுப் பக்கம், நீல நூலில் நாலு தையல் பக்கத்தில் பக்கத்தில். உனக்கே தெரியும், உன் கல்யாணத்துக்கு முன்னால் நீ எங்கள் வீட்டில் தங்கிப் படித்தபோது உன் சட்டையிலும் அதுதான் இருந்தது.

சவுக்காரம் கடைசியாக விடுமுறையில் வந்தபோது கப்பல் சட்டையை நான்தான் துவைத்தேன். கைப்பழக்கம், காயவைத்து எடுத்ததும் ஊசியை எடுத்து நாலு தையல் போட்டுவிட்டேன். அவன் இஸ்திரி மேசைமேல் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, அது கப்பல் சட்டை. உங்க கடைக்கு வந்த துணியில்ல."

"ஆயிரம் பேர் துணி ஒண்ணா வேகுற இடம்டா. மாறிப்போச்சுன்னா?"

"மாறினா என்ன, எல்லாம் ஒரே வெள்ளைதானே."

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சட்டையை மடித்தேன். 

பிறகு நீ அவன் பையைக் கொண்டுவந்தாய். கரையில் அவன் கட்டிலுக்கடியில் இருந்த பை. ஒரு தகரக் குவளை, ஒரு சீப்பு, ஒரு சட்டை. நீ தலையைக் குனிந்து நின்றாய். சட்டை என் கைக்குத்தான் முதலில் வந்தது. வாங்கினவுடனே என் விரல் காலருக்கடியில் போனது. தையல் இல்லை. பிரித்த தடமும் இல்லை. ஊசி படாத துணி. இது என் பிள்ளை சட்டை இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா அதைப் பிடுங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் நான் எங்கே வாயைத் திறக்க? அவள் சாகிறவரைக்கும் அது தலையணைக்குக் கீழே இருந்தது. நானும் பக்கத்தில் படுத்து, யாரோ ஒருவன் சட்டை என்று தெரிந்தே, வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

சட்டைகள் மாறிப்போயிருக்கின்றன. அப்படியென்றால், மாப்பிள்ளை, கொஞ்சம் யோசி. அந்தப் பெயர்க்காரன் வீட்டில் நம் சவுக்காரத்தின் சட்டை இருக்கிறது. நான் தையல் போட்டு அவன் தோளில் போட்டனுப்பின சட்டை. அவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். தகரக் குவளை எல்லாருக்கும் ஒன்றுபோல் கொடுத்தது.

எனக்கு அது வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. அவர்கள் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எங்களுடையதைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஆகவே சட்டையை அனுப்பு. அந்த வீடு எங்கே இருக்கிறது என்று துறைமுக அலுவலகத்துப் பழைய ஆட்களைக் கேட்டு எழுது. இதை மட்டும் செய். மரியாதையை நீயே வைத்துக்கொள்.

அத்தான்


மார்ச் 12

அத்தான்,

யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீடு எனக்குத் தெரியும்.

அந்தப் பையை உங்களிடம் கொண்டுவருவதற்கு முன் ரயிலில் தனியாகத் திறந்து பார்த்தேன். பெயரைப் படித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். வீட்டில் நீங்கள் எல்லாரும் வாசலில் காத்திருப்பீர்கள் என்று இறங்கவில்லை. உங்களிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தேன். அதற்குள் அக்கா வாங்கிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து நின்றது துக்கத்தில் என்று நினைத்தீர்களா? உங்கள் கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதுதான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். இதை எழுதும்போது என்மேலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பெயருக்கு உரியவன் நம் பையனுக்கு மேல் கட்டிலில் படுத்தவன். அவனும் அதே கப்பலில்தான் போனான். அவன் அம்மா மீன் சந்தைக்குப் பின்னால் வலை பின்னுகிறவள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தச் சந்தைக்கு நான் போவதில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஐஸில் கிடந்த மீனை வாங்கித் தின்கிறேன். என் மனைவிக்கு இன்றுவரை காரணம் தெரியாது. சந்தை நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சிவப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓவியர் என்று நான் எழுதியது பொய். எங்கள் தலைவருக்கு ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது, அதற்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஆள் அவன். "சும்மா வெள்ளையா தொங்கினா ஜனங்க எப்படி அழுவாங்க?" என்றார் தலைவர். பலகைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த சாயத்தைத்தான் தடவினான். அவன் தடவும்போது துணியில் சுருக்கம் விழாமல் சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தப் பிசுபிசுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

ஆனால் சட்டையை என்னால் எடுக்க முடியாது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. இப்போது நான் வாயைத் திறந்தால் இத்தனை வருடம் மேடையில் பேசியதெல்லாம் என்ன என்று கேட்பார்கள். வெளியே தலைகாட்ட முடியாது. நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மைத்துனன்


மார்ச் 21

மாப்பிள்ளை,

நீயும் தெரிந்தே வாயைக் கட்டிக்கொண்டிருந்தாயா?

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருத்தியை ஏமாற்றுவதற்காக ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இத்தனை வருடம் காவல் காத்திருக்கிறோம். அதே சமயம் நான் உன்னை ஏமாந்தவன் என்றும், நீ என்னை ஏமாந்தவன் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிரித்த சிரிப்பில் மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள். சிரிக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். பை வந்த வாரமே உன் அக்கா அவளைக் கூப்பிட்டுக் காலரைத் திருப்பிக் காட்டினாளாம். எனக்கென்ன புத்தி கெட்டுப்போயிருந்தது பார். என்னோடு அத்தனை வருடம் துணி பிரித்தவளுக்கு அந்த இடத்தைத் தடவிப் பார்க்கத் தெரியாதா? முகத்தில் வைத்துக்கொண்டபோதே விரலால் பார்த்திருக்கிறாள். அந்தச் சத்தம் அதனால்தான் வந்திருக்கிறது.

மகளிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதற்காகத்தான் எழுத்துக் கற்றேனோ என்னவோ.

"யாரோ ஒருத்தி பெத்த பிள்ளையோடது. அவ நம்ம பிள்ளையோடத வெச்சிருப்பா. இத நான் நல்லா வெச்சிருந்தா, அத அவ நல்லா வெச்சிருப்பா. உங்கப்பாகிட்டயும் மாமாகிட்டயும் சொல்லாத. ரெண்டும் தாங்காது."

நாம்தான் தாங்க மாட்டோமாம்.

அதனால்தான் அந்தச் சட்டையை அவள் மாதம் தவறாமல் துவைத்தாள். தன் பிள்ளை வாசனை போய்விடுமே என்று எந்தத் தாயும் துவைக்கமாட்டாள், இவள் ஏன் துவைக்கிறாள் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். என் மரமண்டை. அவள் அதை இன்னொருத்திக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒருத்தியோடு ஒரு பேச்சு வைத்துக்கொண்டு, அதைச் சாகிறவரை காப்பாற்றினாள். அப்படிக் காப்பாற்றினதைக் கொண்டுபோய் நீ ஐஸ் கடைப் பலகைச் சாயத்தைத் தடவி மாட்டிவைத்தாய். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. நானும் சேர்த்துத்தான். நீ கேட்டபோது யாரோ ஒருவன் சட்டைதானே, போகட்டும் என்று தூக்கிக் கொடுத்தவன் நான்.

தலைகாட்ட முடியாது என்கிறாய். காட்டாதே. யார் கேட்டார்கள் உன் தலையை? அந்தப் பெட்டி காலியாக இருந்தால் உன் தலையை அதில் வைத்துக்கொள். சட்டையை அனுப்பு.

அத்தான்


ஏப்ரல் 8

அத்தான்,

இத்துடன் சட்டை வருகிறது. எடுத்த கதையைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. அக்கா எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. மூன்றாம் நாள் தலைவரிடம் போய், திறப்பு விழாவுக்கு முன்னால் சட்டையைச் சலவைக்குக் கொடுக்க வேண்டும், பூசணம் பிடித்திருக்கிறது என்றேன். என் அத்தானே சலவைக்காரர் என்றும் சொன்னேன். இவ்வளவு காலத்தில் மன்றத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது. பூசணமும் உண்மைதான். கண்ணாடியைத் திறந்ததும் அழுகிய மாலை நாற்றம் குப்பென்று அடித்தது. மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் தலைவர் ஆள் அனுப்பினார். சட்டை இல்லை, இனி வராது, அது எங்கள் வீட்டுப் பையனுடையதே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் கோபத்தோடு வருவார், கத்துவார் என்று எதிர்பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வரவேயில்லை.

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். நடுவில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே சட்டை. கடையிலிருந்து புதிதாக வாங்கி, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அதே ஆளை வைத்து இந்த முறை இரண்டு இடத்தில் சிவப்பு தடவியிருந்தார்கள். பித்தானில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூடப் போகவில்லை. கூட்டம் வரிசையில் வந்து பார்த்தது. ஒரு பெண் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைவர் என் தோளில் கைபோட்டு, "நம்ம பையன் சட்டை எவ்வளவு பேரை அழ வைக்குது பார்த்தீங்களா?" என்றார். அவர் வாயில் பாக்கு நாற்றம். எனக்கு என் பேச்செல்லாம் தொண்டைக்கு வந்தது. பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்தேன். அவ்வளவுதான் என் வீரம். கூட்டத்தில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

வலைக்காரியின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். சந்தை முனை வரை போனேன். சாயத்தோடு எப்படிக் கொடுப்பது? உங்களால் எடுக்க முடியுமா, பாருங்கள். முடியும் என்று நம்புகிறேன்.

மைத்துனன்


மே 2
எழுத ஒரு வாரம் ஆனது. இது நீளம்.

மாப்பிள்ளை,

சட்டை வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். சோடாவில் கொதிக்கவைத்தேன். டர்பன்டைன் வைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு அலசலுக்கும் தொட்டித் தண்ணீர் ஐஸ்காரன் பலகை நிறத்தில் போனது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவைத்தாள். கடைசியில் நெஞ்சில் வெளிர்ச் சிவப்பாக ஒரு திட்டு நின்றுவிட்டது. அதற்குமேல் தேய்த்தால் துணி போய்விடும். என் கைக்குப் போகாத கறை ஒன்று உண்டென்றால் அது நீ வைத்ததுதான்.

நன்றாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைப் பலகைகளை எல்லாம் வழிநெடுகப் படித்துக்கொண்டே வந்தேன். உன் ஊர் நெருங்கும்போது ஐஸ் தொழிற்சாலைப் பலகை வந்தது. நல்ல சிவப்பு. அதை மட்டும் படிக்கவில்லை.

வலைக்காரி வாசலில் காலை நீட்டி, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தாள். உன் அக்கா வயதுதான் இருக்கும். வாசலெல்லாம் செதில், ஈ. உட்காரச் சொன்னாள். நான் யார் என்று சொன்னேன். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தாள். முதலில் அடி விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த மை எங்கே இருக்கும் என்று தெரிந்தது. விரலால் அதன்மேல் ஒருமுறை போனாள். நான் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்துச் சொன்னேன். "ஆமா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டு வந்தேன். மாப்பிள்ளை, உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. தலைவர், மண்டபம், பலகைச் சாயம், எல்லாம் வந்தது. அதைச் சொன்னால் அந்தக் கண்ணாடிப் பெட்டி நாற்றம் அவள் வீட்டுக்குள்ளும் போய்விடும். இனி அந்தத் துணியை எடுக்கும்போதெல்லாம் அதுதான் அவளுக்கு முன்னால் நிற்கும்.

"என் கடையில நடந்த தப்பும்மா. சாயத்துணியோட போட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சலவைக்காரர்னு சொன்னீங்க?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "நல்ல சலவைக்காரர்" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். எனக்குக் காது சுட்டது.

பிறகு என் பிள்ளை சட்டையைக் கேட்டேன். அவள் சின்ன மகனைக் கூப்பிட்டாள். சந்தையில் கூடை இறக்குகிறவன், நாற்பதை நெருங்குகிற ஆள். அவன் உடம்பில்தான் அது இருந்தது. மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். வெள்ளை என்று அதை யாரும் சொல்ல முடியாது. முழங்கையில் ஒட்டு, பையில் எண்ணெய், விளிம்பெல்லாம் செதில். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உன் அக்கா மாதாமாதம் துவைத்து மடித்து வைத்தாளே, அதற்கு இதுவா கைம்மாறு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

வலைக்காரி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "சட்டைன்னா போடத்தானே. என் பெரியவனோடது இல்லன்னு தெரியும். யாரோடதோ. பெட்டியில கிடந்தா பூச்சி தின்னும், உடம்புல கிடந்தா நாலு நாள் இருக்கும். கிழிஞ்சா தைச்சேன்" என்றாள். மகனிடம் கழற்றச் சொன்னாள்.

காலரைத் திருப்பினேன். நாலு தையல் இருந்தது. மூன்று நீலம். ஒன்று கறுப்பு, வலை நூல்.

"ஒண்ணு உதிர்ந்துபோச்சு. எதுக்குன்னு தெரியல. யாரோ வேணும்னுதானே போட்டிருப்பாங்க. அதான் போட்டுவிட்டேன்."

அந்தக் கறுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். 

திரும்பி வரும்போது உன் வீட்டு வாசல் வழியாகத்தான் வந்தேன். உள்ளே நீ இருமுகிற சத்தம் கேட்டது. கையில் சட்டை இல்லாமல் இருந்திருந்தால் உள்ளே வந்து நாலு அறை விட்டிருப்பேன். அதைக் கீழே வைக்க மனமில்லை, போய்விட்டேன். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து ஆள் எழுந்து போனான். முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நடத்துநர் வந்து, "பெரியவரே, மீன் மூட்டைய மேல போடுங்க" என்றார். மூட்டை இல்லை, சட்டை என்று பிரித்துக் காட்டினேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீ நடத்தின நினைவு நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த நாற்றம் ஒன்றும் செய்யவில்லை. ஊர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் இடத்தில் ஒருவனாகக் காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

எல்லாம் ஒரே வெள்ளைதானே என்று கேட்டானே, அவன் வந்து இதைப் பார்க்க வேண்டும்.

மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், ஊறவையுங்கள், வீடே நாறுகிறது என்று. இன்னும் தொட்டியில் போடவில்லை. நீயும் ஒருமுறை தொட்டுப் பார்த்தபிறகு போடலாம் என்று வைத்திருக்கிறேன். அந்தச் சந்தை நாற்றம் ஒத்துக்கொள்ளாதவனுக்கு அதுதான் தண்டனை.

கறை வைத்தது என் கடை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் என் பெயருக்கு விழுந்த ஒரே கறை அது. அதை உன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்தில். நேரில் வந்து பேச்சு வாங்கிக்கொள். எழுதித் திட்டுவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு திட்டுக்கு ஒரு நாள் ஆகிறது.

வரும்போது அந்த மேடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதே. கைமடித்த பழைய சட்டை ஏதாவது போட்டுக்கொண்டு வா. தொட்டியடியில் வேலை இருக்கிறது.

அத்தான்